இரண்டாம் பாதிக்கு வந்தவர்கள்

ஊரில் அவருக்கு டார்ச் என்றுதான் பெயர். தியேட்டர் இருட்டில் கையில் விளக்கோடு நின்று, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம், காலை மிதிக்காதீங்க" என்று வந்தவர்களை இடம் பார்த்து உட்கார வைப்பது அவர் வேலை. கல்யாணமான புதிதில் சேர்ந்தவர், தலை நரைத்த பிறகும் அதே வேலைதான். ஊரையே உட்கார வைத்தவர் அந்த நாற்காலிகளில் ஒருநாளும் உட்கார்ந்து படம் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் சுவரோரமாக நின்று பார்த்ததுதான்.

வெள்ளம் வந்தது ஒரு புதுப் படத்தின் இடைவேளையில். ஆறு என்னவோ மேனேஜரிடம் நேரம் கேட்டுக்கொண்டு வந்த மாதிரி, திரையில் 'இடைவேளை' என்று எழுத்து விழுந்து, ஜனங்கள் டீ வாங்க வெளியே வந்த சமயம் பார்த்து சைக்கிள் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. டார்ச்தான் அத்தனை பேரையும் மாடிப்படியில் ஏற்றி பால்கனியில் உட்கார வைத்தார். அந்தக் களேபரத்திலும் மனுஷன் வரிசை பார்த்துத்தான் உட்கார வைத்தார் என்று பின்னால் கேலி பேசினார்கள். கேலி பேச அவர்கள் உயிரோடு இருந்ததே அவரால்தான்.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் ஆற்றோரத் தெருவில் பாதி வீடுகள் இல்லை, பாலம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, டார்ச் வீட்டில் சமையலறைச் சுவர் இல்லை. தியேட்டர் மட்டும் நின்றது. "மூணே மாசம்" என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தை அதற்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த மூன்று மாசம் எந்தக் காலண்டரில் இருக்கிறதோ தெரியாது. ஒன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பொடியன்கள் இப்போது நான்காம் வகுப்பு. பாஸாகிப் பாஸாகி முன் வரிசையிலிருந்து பின் வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

தலைமை ஆசிரியை டிக்கெட் கவுன்டருக்குள் உட்கார்ந்து, துவாரத்தின் வழியாகக் கை நீட்டி லீவு லெட்டர் வாங்குவார். ஒரு மூலையில் வாய்ப்பாடு, ஒரு மூலையில் செய்யுள். கரண்ட் போனால் எல்லா வகுப்பும் ஒன்றாகச் சேர்ந்து விசில் அடிக்கும். தாமதமாக வரும் பிள்ளைகளை டார்ச் விளக்கடித்துக் கூட்டிப்போய் அவரவர் வகுப்பில் சேர்ப்பார்.

வெள்ளத்தன்று படத்துக்கு வந்தவர்கள், வாசலில் கிழித்துக் கொடுத்த பாதி டிக்கெட்டை இன்னும் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஊரே அரை டிக்கெட் ஆகிவிட்டது என்று டீக்கடையில் சிரிப்பார்கள். பாலம் என்னாச்சு என்றால் இடைவேளை. தண்ணிக் குழாய் என்னாச்சு என்றால் இடைவேளை. எங்கே பார்த்தாலும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ரெண்டாம் பாதி எப்பண்ணே? கதையாவது சொல்லுங்க" என்று உயிரை வாங்குவார்கள். "படம் போடறப்ப வந்து பாரு" என்று நகர்ந்துவிடுவார். எப்படிக் கேட்டாலும் ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது.

அவரிடம் கதை கேட்காத ஒரே ஆள் அவர் மனைவி. வெள்ளம் வந்த அன்றைக்கு அவளும் படத்துக்கு வந்திருந்தாள், அதிசயமாக. ஆனால் அவளுக்கு வேண்டியது சுவர். அடுப்புக்குப் பின்னால் சுவர் இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் தொங்கியது. காற்றடித்தால் அடுப்பு அணையும். மழை பெய்தால் சட்டியில் போட்டதைவிட எடுப்பது அதிகமாக இருக்கும்.

"எங்க அண்ணன் அவரு ஊர்லயே உங்களுக்கு வாட்ச்மேன் வேலை பார்த்து வெச்சிருக்காரு. ரூமும் தர்றாங்களாம். நாலு சுவராம். நாலுமே சுவராம்" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறு. ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க."

"அவங்க சொல்றதக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு. வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸுல நான் கிளம்பறேன். நீங்க வந்தா ரெண்டு டிக்கெட், வரலைன்னா ஒண்ணு."

சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாமல் இந்த ஊரில் இருக்க முடியாது. இந்த ஊரை விட்டால் அவரை டார்ச் என்று கூப்பிட ஆளில்லை. ஆபீஸ்காரர்கள் பள்ளிக்கூடத்தைக் கட்டி, தியேட்டரைத் திருப்பிக் கொடுத்து, சுவருக்கும் ஒரு வழி பண்ணிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. விடிந்ததும் மறுசீரமைப்பு அலுவலகத்துக்குப் போனார்.

வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் முதலில் சீரமைந்தது மறுசீரமைப்பு அலுவலகம்தான். குளுகுளு ஏ.சி., கெட்டித் திரைச்சீலை, பகலிலேயே பாதி இருட்டு, வந்தவர்கள் காத்திருக்க மெத்தை வைத்த நாற்காலிகள், அதுவும் வரிசை வரிசையாக. இன்ஜினியர் நல்ல மனிதர். யாரையும் அதட்ட மாட்டார். ஒரு வேலையும் நடக்காது, அவ்வளவுதான்.

"மேலே கேட்டிருக்கோம், ஐயா. மூணே மாசம்" என்றார் சிரித்த முகத்தோடு.

முதலில் ஆறு தண்ணி காட்டியது. அதிலிருந்து ஆபீஸ் தண்ணி காட்டிக்கொண்டிருக்கிறது. ஆற்றுத் தண்ணியாவது வடிந்துவிட்டது. டார்ச் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். டீக்கடைக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக சலவைக்காரர் ஆரம்பித்தார்.

"என்னண்ணே, ரெண்டாம் பாதி எப்ப?"

"வெள்ளிக்கிழமை காலைல" என்று எரிந்து விழுந்தார் டார்ச். "இடம்தான் மாறியிருக்கு. மறுசீரமைப்பு ஆபீஸ். பாதி டிக்கெட்ட மறக்காம எடுத்துட்டு வந்துடுங்க."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் கடையில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சலவைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எத்தன மணிக்கு?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் டார்ச் போனபோது அலுவலக வாசலில் புதுப் படம் ரிலீஸான மாதிரிக் கூட்டம். சலவைக்காரர், டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், பள்ளிக்கு லீவு விட்டுவிட்டு வந்த தலைமை ஆசிரியை, எல்லார் கையிலும் மங்கிப்போன பாதி டிக்கெட். காவலாளி குறுக்கே வந்து, "என்ன விஷயம்?" என்று கேட்டவன், பிறகு தன் சட்டைப் பையையும் துழாவினான். அவனும் அன்றைக்கு பெஞ்சு டிக்கெட்டில் வந்தவன்தான்.

டார்ச் விளக்கைப் போட்டார். கை தானாக வேலை செய்தது. "பால்கனி அந்தப் பக்கம். பெஞ்சு முன்னாடி. காலை மிதிக்காதீங்க." மெத்தை நாற்காலிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. பின் வரிசையில் ஓரமாக இருந்த ஒரு நாற்காலியில் மட்டும் யாரையும் உட்கார விடவில்லை.

சத்தம் கேட்டு இன்ஜினியர் வெளியே வந்தார்.

"யாருங்க இவங்கல்லாம்? என்ன வேணும்?"

"ரெண்டாம் பாதி, சார்" என்றார் டார்ச்.

"இது ஆபீஸ்ங்க, ஐயா."

"தெரியும் சார். இடைவேளை விட்டது ஆறு. இழுத்துக்கிட்டே போறது இங்கதானே. இங்கயே ஆரம்பிச்சுக் கொடுத்துடுங்க."

இன்ஜினியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மூணே..." என்று ஆரம்பித்தார். ஹால் முழுக்க விசில் பறந்தது. அது ஓய்ந்ததும் சலவைக்காரர் வெகு பணிவாக எழுந்தார்.

"அவசரமே இல்ல, சார். நாங்க உட்கார்ந்திருக்கோம். சீட்டு நல்லா இருக்கு."

இன்ஜினியர் உள்ளே போய் போனை எடுத்தார். கதவைச் சாத்த மறந்துவிட்டார். ஹாலில் எல்லாருக்கும் கேட்டது. "இல்ல சார்... உள்ளேதான் இருக்காங்க... எழுந்து போற மாதிரி தெரியல சார்... வரிசையா உட்கார்ந்திருக்காங்க சார்..." அவர் மேலே கேட்டு அன்றைக்குத்தான் ஊர் முதல்முதலாகப் பார்த்தது.

அந்த நேரத்தில் வாசல் வெளிச்சத்தில் ஒரு பையோடு ஓர் உருவம் நின்றது. டார்ச்சுக்கு விளக்கே வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் அடித்தார். வட்ட வெளிச்சம் அவள் காலடியில் விழுந்து, மெதுவாகப் பின்வாங்கி, அந்தக் காலி நாற்காலியில் போய் நின்றது. அவள் அதன் பின்னாலேயே வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள்.

உள்ளே இன்ஜினியர், "திங்கட்கிழமையா சார்? எழுத்துல அனுப்பிடறீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் அந்தத் திறந்த கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் படத்துல கடைசில என்னதான் ஆச்சு?"

"தெரியாது."

"என்கிட்டயுமா?"

"நெஜமாவே தெரியாது. கடைசிப் பத்து நிமிஷம் நான் கதவு திறக்கப் போயிடுவேன். எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததில்ல. தெரியாதுன்னு சொல்லியிருந்தா இவங்கல்லாம் டிக்கெட்ட அன்னைக்கே தூக்கிப் போட்டிருப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. பையை எடுத்து நாற்காலிக்கு அடியில் காலால் தள்ளினாள். கொஞ்சம் நகர்ந்து, அந்த ஒரே நாற்காலியில் பாதி இடம் விட்டாள்.

"உட்காருங்க. இதையாவது முடியற வரைக்கும் பார்த்துட்டுப் போகலாம்."

டார்ச் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.