அக்கா வீட்டு ஜெபம்

என் அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஈர விரிப்புகளை இழுத்து உதறி மடித்தே தோள் இரண்டும் தேய்ந்துபோனவள். வேலை முடிந்தால் வீடு தங்கமாட்டாள். சபையில் யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாய் நிற்பாள். அழுகிறவர்களின் முதுகில் கை வைத்து அவள் ஜெபம் பண்ணினால் அழுகை அடங்கும் என்று பேர். பரலோகத்தில் சம்பளம் போட்டுத் தருகிறார்களா என்று கேலி செய்வேன். நான் சர்ச் வாசலை மிதிக்காதவள். அக்காவுக்கு நான்தான் தீராத தலைவலி.

அவளுடைய ஒரே மகன் லிஃப்ட் மெக்கானிக். போன மழைக்காலத்தில், பழுது பார்க்க ஏறிய இடத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அக்கா அழவில்லை. கல்லாய்ச் சமைந்துவிட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் சபையார் வந்து கூடம் கொள்ளாமல் உட்கார்ந்தார்கள். யாராவது அக்காவின் முதுகில் கை வைப்பார்கள் என்று பார்த்தேன். அங்கேதான் அவர்களுக்குப் புத்தி பிசகியது. துக்க வீடு என்றால் ஜெபத்துக்கு அக்காதான் என்று பழகிவிட்டார்களே! “நீங்களே ஆரம்பிச்சிடுங்கக்கா. எங்களுக்கும் தைரியமா இருக்கும்” என்றார் பாஸ்டர். கெட்ட மனிதர் இல்லை. அவள் விசுவாசத்தை மலைபோல நம்பியிருந்தார்.

அக்காவும் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிவிட்டாள். ஆண்டவரே, இந்தத் துக்க வீட்டுக்கு இரங்கும், இந்தத் தாயைத் தேற்றும் என்று யார் வீட்டுக்கோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தாள். அதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. செத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. மற்றவர்கள் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எனக்காக யாராவது ஜெபம் பண்ணக் கூடாதா?” என்றாள் அக்கா.

பதறிப்போன பாஸ்டர் வசனம் சொன்னார். ஊர் முழுக்க அவளே சொல்லித் திரிந்த வசனங்கள்தான். ஒன்றும் அவள்மேல் ஒட்டவில்லை. அப்போதுதான் உடைந்து அழுதாள். அழுது தேறுகிற அழுகை இல்லை அது.

இப்போது அவள் யார் சாவுக்கும் போவதில்லை. ஜெபமும் விட்டுப்போயிற்று. ஆனால் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் கடைசி பெஞ்சில் போய் உட்காருகிறாள். பாடுவதில்லை, முழங்காலிடுவதில்லை. தனியே விட மனமில்லாமல் நானும் போகிறேன். நான் மனம் திரும்பிவிட்டதாகச் சபையாருக்கு ஒரே சந்தோஷம்.

உனக்கு ஆண்டவர்மேல் கோபமே வரவில்லையா என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டேன்.

“வராம? பெத்த வயிறு எரியுதுடி. ஆனா இத வேற யார்கிட்ட கொண்டுபோய்க் கொட்டுவேன்? மனுஷங்க தாங்கமாட்டாங்க. அவர்தான் தாங்கணும்.”

அவர் ஏதாவது சொன்னாரா என்றேன். இல்லையென்று தலையசைத்தாள். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போனார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை.