பொம்மீன் மடுவில் எங்கள் முறை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோடை முடியும் சமயம். மைசூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய காவிரிக் கரையில்தான் என் புகுந்த வீடு. மீன்பிடிக் குடும்பம். நானோ மைசூர் தேவராஜ மொஹல்லாவில் பிறந்து, அங்கேயே ஒரு ஜவுளிக் கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவள். தண்ணீர் என்றால் எனக்குக் குழாயில் வருவதுதான். நீச்சல் தெரியாது. பரிசலில் கால் வைக்கவே பயம்.

கோடையில் ஆறு வற்றும்போது பொம்மீன் என்கிற பெரிய மீன்கள் ஆழமான மடுவில் வந்து ஒதுங்கும். மழை பெய்து புதுத்தண்ணீர் வந்த பிறகுதான் மேலேறிப் போய் முட்டையிடும். அதுவரை எங்கள் ஆட்கள் அங்கே வலை போடுவதில்லை. ஆனால் வெளியாட்கள் சிலர் வெடி போட்டு மொத்தமாக அள்ளப் பார்ப்பார்கள். அதனால் வீட்டுக்கு வீடு முறை வைத்து, மடுவின் நடுவில் பரிசலை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆள் இருக்கும் தண்ணீரில் யாரும் வெடி போட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அன்று எங்கள் முறை. என் வீட்டுக்காரர் மீன் விற்க மைசூருக்குப் போய்விட்டதால், நாத்தனார் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். என்னைவிடச் சின்னவள், வாயாடி. கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தண்ணீரில் இறக்கிப் பரிசலை நிறுத்தினாள். நான் பரிசல் விளிம்பைப் பிடித்திருந்த அழகைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மதியச் சாப்பாட்டைப் பிரித்தபோது கரைப் பாறையில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவன் கையில் பை. மற்றவன் பீடி பற்றவைத்துக்கொண்டு, பரிசலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கன்னடத்தில் அதட்டினான். நாத்தனாரின் சிரிப்பு நின்றது. ஆனால் அவள் அசையவில்லை. பை வைத்திருந்தவன் ஒரு வெடியை எடுத்து நீட்ட, பீடிக்காரன் அதன் திரிக்குப் பக்கத்தில் பீடியைக் கொண்டுபோனான்.

அங்கன்வாடியில் விட்டுவந்த மகளின் முகம்தான் கண்ணில் வந்தது. சட்டென்று கயிற்றைப் பிடித்துக் கல்லை மேலே இழுக்கத் தொடங்கினேன். நாத்தனார் கயிற்றின் மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அண்ணி, நாம நகந்தா போட்டுருவாங்க. உள்ள இருக்கறது அத்தனையும் செத்துப்போயிரும்."

"நாம செத்தா பரவால்லையா?" என்றேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

அவள் கரையைப் பார்த்துக் கன்னடத்தில், "போடுங்கண்ணா. மீனோட எங்களையும் சேத்து அள்ளிட்டுப் போங்க" என்றாள்.

திரி பற்றிக்கொண்டது. இதோடு முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கடைசி நேரத்தில் கையில் வெடியோடு நின்றவனுக்கு என்ன தோன்றியதோ, அதைத் தனக்குப் பின்னால் இருந்த மணலில் வீசிவிட்டான். காது அடைத்துப்போனது. கற்கள் வந்து விழுந்தன. ஒன்று பரிசலின் அடியைக் கிழித்து, தண்ணீர் உள்ளே ஏறியது. நான் அலறிக்கொண்டே துப்பட்டாவை ஓட்டையில் திணித்து, சாம்பார் டப்பாவால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன்.

அந்த இருவரும் பைக்கில் ஏறிப் போகும்வரை நாத்தனார் கயிற்றிலிருந்து காலை எடுக்கவில்லை. என் மடிமேல் கிடந்த கயிற்றின் மறுமுனை உதறிக்கொண்டே இருந்தது. என் நடுக்கம் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், அவள் கால் அப்படி நடுங்கியது.

கரை சேர்ந்ததும் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணங்கிட்ட நான் அழுததச் சொல்லிறாதீங்க அண்ணி. அப்புறம் என்னய அனுப்ப மாட்டாங்க" என்றாள்.

இன்றும் எங்கள் முறை வரும் நாளில் விடிந்ததிலிருந்தே எனக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் போகிறேன். பயம் தெளியட்டும், பிறகு போய்க்கொள்ளலாம் என்று நாங்கள் வீட்டில் இருந்திருந்தால், மழை வந்தபோது மேலேறிப் போய் முட்டையிட அந்த மடுவில் ஒரு மீன்கூட மிஞ்சியிருக்காது.