மின்னல் தண்ணீரில் பீலித் தண்ணீர்

அன்று தேயிலை நர்சரியில் இருந்தவர்கள் ஆறு பேர். அம்மா. அம்மாவின் தங்கச்சி, எனக்குச் சித்தி. வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை. யுனிவர்சிட்டி கேம்பஸிலிருந்து வந்த சிங்கள மிஸ். மிஸ்ஸின் வேன் டிரைவர். அப்புறம் நான். புளத்கொகுபிட்டிய ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. அதனால் பள்ளிக்கூடம் இல்லை.

மிஸ் வந்தது இரண்டாம் தடவை. முதல் தடவை ஒரு பெட்டி கொண்டுவந்தார். அதில் கண்ணாடிக் குழாய், குழாய் நுனியில் ஊசி. கீழே பீலித் தண்ணீரை வைத்து ஸ்விட்சைப் போட்டார். மலை ஊற்றிலிருந்து பீலியில் விழுகிற, நாங்கள் குடிக்கிற தண்ணீர்தான். ஊசியிலிருந்து தண்ணீருக்கு ஊதா வெளிச்சம் இறங்கியது. ஸ்ஸ் என்று சத்தம். இடி விழுந்த பிறகு ஒரு வாடை வருமே, அது. இதற்குப் பேர் பிளாஸ்மா, சின்ன மின்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

தண்ணீர் பார்க்க அதேதான். ஆனால் மிஸ் ஒரு மீட்டரை முக்கிக் காட்டினார். தண்ணீரில் கரண்ட் எவ்வளவு ஓடும் என்று அது சொல்லுமாம். பீலித் தண்ணீரில் நாற்பது. மின்னல் தண்ணீரில் நானூறு. புளிப்பும் ஏறியிருக்கும் என்றார். பிறகு தேயிலை இலையில் இரண்டு சொட்டு வைத்தார். பீலிச் சொட்டு உருண்டு நின்றது. மற்றது கொஞ்சம் பரந்து உட்கார்ந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்குச் சொன்னாலும் எனக்குப் புரியுமா தெரியாது.

ஒரு பாத்திக்குப் பீலித் தண்ணீர், ஒரு பாத்திக்கு மிஸ் நீல மூடி கேனில் வைத்துவிட்டுப் போன மின்னல் தண்ணீர். எது சீக்கிரம் வேர் விடுகிறது என்று பார்க்க வேண்டும். ஊற்றுகிற வேலை அம்மாவுக்கு. அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை. மலையேறிக் கொழுந்து பறிக்க ஆகாது. நர்சரிதான் ஆகும். மிஸ் முதலில் வந்த அன்றைக்கே கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார்.

"நீல மூடி கேன்ல வேற தண்ணி கலந்தா, கலந்த ஆளுக்கு நர்சரி இல்ல. பேர் பதிஞ்ச ஆள்னா மலைக்கு. பதியாத ஆள்னா வீட்டுக்கு."

சித்தி அதற்குப் பிறகுதான் வேலைக்கு வந்தாள். பேர் பதியாத ஆள். அடுத்த மாதம் பதிவதாக வாக்கு.

எங்கள் லயத்தில், வரிசை வீடுகள் அத்தனைக்கும், காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் விழும். பீலியில் நிற்கிறவர், யார் வீட்டுக் கேன் குறையாக இருந்தாலும் ரொப்பி வைக்க வேண்டும். அரைக் கேனைப் பார்த்தும் பார்க்காமல் போனால் சண்டைதான். அன்று நர்சரியிலும் சித்தி அதே பழக்கத்தில் வந்து சொன்னாள்.

"அக்கா, ஒங்க கேனையும் ரொப்பிட்டேன். ஒங்க காலோட நீங்க சொமக்க வேணாம்."

"எந்தக் கேனுடி?"

"நீல மூடி. கால்வாசிதான் கெடந்துச்சு."

அம்மா கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். கீழே வேன் ஏறி வருகிற சத்தம் கேட்டது.

மிஸ் வந்ததும் நீல மூடி கேனில் மீட்டரை முக்கினார். நூற்று முப்பது. மறுபடி துடைத்து முக்கினார். அதே நூற்று முப்பது.

"கவுத மேக்கட்ட வத்துர தெம்மே?" இதில் தண்ணீர் ஊற்றியது யார் என்று சிங்களத்தில் கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

சித்தி வாயைத் திறந்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"நாந்தாங்க மிஸ்."

கணக்கப்பிள்ளை தலையில் கை வைத்தார். "அவங்க மின்னல புடிச்சு கேன்ல போட்டுக் குடுத்தா, நீ பீலித் தண்ணி ஊத்தி அணைச்சிட்டியே! நாளைக்கு கூடைய எடுத்துக்கிட்டு மலைக்குப் போ."

டிரைவர் சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை. பெட்டியை இறக்கச் சொன்னார்.

லயத்துக்கு வரும்போது கேட்டேன். "ஏம்மா, சித்திதானே ஊத்துச்சு?"

"ஒனக்கு ரொம்பத் தெரியும். வாய மூடிக்கிட்டு நட."

சித்தி பின்னால் வந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். தடுமம் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு நர்சரி அலுத்துவிட்டது, அதுதான் பொய் சொல்லி மலைக்குப் போகிறாள் என்றும் நினைத்தேன். மலையில் ஆட்கள் நிறைய. பேச்சும் சிரிப்பும் கீழே எங்கள் லயம் வரை கேட்கும். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மறுநாள் சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஓடினேன். பதினெட்டு, இருபது, பத்தொன்பது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பதினெட்டுக் கிலோ இருந்தால்தான் முழுநாள் சம்பளம். அம்மா கடைசி ஆளாக, பக்கவாட்டில் இறங்கி வந்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் பார்க்கவில்லை. கொழுந்தைத் தராசில் மாட்டினார்கள்.

ஆறு கிலோ.