நீலவ்வாவின் ஈறு

நீலவ்வாவுக்கு வலிப்பு உண்டு என்று மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எவன் கட்டுவான்? சிறுமியாக இருந்தபோது கடலைக் காட்டில் வாயில் நுரை தள்ள விழுந்தவள், மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு ஒருமுறைகூட விழவில்லை. அதனால் அவள் அம்மா அதை ஒரு நோயாகவே மதிக்கவில்லை.

"யாராவது கேட்டா ரத்தத்துக்குச் சத்து மாத்திரைன்னு சொல்லு. வாயத் தொறந்து எதையும் உளறி வெக்காத" என்று சொல்லித்தான் மகளைக் கதக் ஊருக்கு அனுப்பினாள்.

நீலவ்வா உளறவில்லை. ஈறுதான் உளறியது. முதலில் முன்பற்களின் இடுக்குகளில் தடித்தது. பிறகு பல்லின் மேலேறிப் பாதிப் பல்லை மூடிவிட்டது. தேய்த்தால் ரத்தம் வந்தது. ரத்தத்துக்குப் பயந்து சரியாகத் தேய்க்காமல் விட்டாள். அழுக்குச் சேர்ந்து ஈறு இன்னும் வீங்கியது.

கணவன் ஈரப்பாவின் வீட்டார் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். விடியும் முன் அடுப்படியில் உட்கார்ந்தால் மதியப் பந்தி ஓயும்வரை நீலவ்வா சோள ரொட்டி தட்டுவாள். கல்லாவில் மாமியார் கல்லவ்வா இருப்பாள்.

"ஏ நீலா, பல்லையெல்லாம் உங்கம்மா வீட்லயே அடகு வெச்சுட்டு வந்தியாடி?" என்று சாப்பிடுகிறவர்கள் காதில் விழும்படியே கேட்பாள். மனுஷிக்கு நாக்கு அப்படி.

ஈரப்பா நல்லவன்தான், அம்மா பக்கத்தில் இல்லாத நேரங்களில். தலையணையில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டு அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனான். கல்லவ்வாவும் கூடவே கிளம்பினாள்.

டாக்டரம்மா ஈறைக் கம்பியால் தொட்டுப் பார்த்தார். "வலிப்புக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறியாம்மா?"

நீலவ்வா ஓரக்கண்ணால் பார்த்தாள். மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல."

"அதுல ஒரு மாத்திரை இப்படி ஈறை வளத்துவிடும், அதான் கேக்கறேன். பிரஷருக்கு ஏதாவது? வயித்துல புள்ள?"

"இல்ல, இல்ல."

டாக்டரம்மா பற்களைச் சுத்தம் செய்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஈறு வற்றாவிட்டால் வெட்டி எடுக்கலாம், காரணம் தெரியாமல் வெட்டினால் மறுபடி வளரும் என்றார். நீலவ்வா மட்டும் "ஆமா" என்று சொல்லியிருந்தால் அடுத்த பேச்சையும் அவரே சொல்லியிருப்பார்: நீயாக நிறுத்தாதே, வலிப்பு டாக்டரிடம் கேட்டு வேறு மாத்திரைக்கு மாறிக்கொள். இல்லை என்றவளுக்கு அதை யார் சொல்வது? பாவி மகள், கேள்வியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாத்திரைதான் காட்டிக்கொடுக்கிறது என்றால் மாத்திரை வேண்டாம். மிச்சமிருந்ததை எல்லாம் அடுப்பில் போட்டாள்.

ஈறு வற்றும்வரை வலிப்பு காத்திருக்கவில்லை. அமாவாசையன்று கடைக் கூட்டத்தில், ரொட்டியைத் திருப்பிப் போடும்போது பிடித்தது. வலது கை காய்ந்த ரொட்டிக் கல்லின் மேல் விழுந்து அங்கேயே கிடந்தது. கல்லவ்வாதான் ஓடிவந்து இழுத்தாள்.

ஹூப்ளி ஆஸ்பத்திரியில் நீலவ்வா எல்லாவற்றையும் சொன்னாள். வலிப்பு டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வேறு மாத்திரைக்கு மாற்றினார். அங்கிருந்து அம்மா வீட்டுக்குப் போனாள். மெதுவாக ஈறு வற்றியது. வற்றாமல் நின்ற முன்பக்கத்தை, கதக்குக்கு அம்மாவோடு போய்க் காட்டியபோது, அதே பல் டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டு வெட்டிச் சீராக்கினார். காலையும் இரவும் ஒழுங்காகத் தேய்க்கச் சொன்னார். நீலவ்வா இடது கையால் தேய்த்தாள். நோய் வெளியே தெரிந்துபோனது, பல்லும் தெரிகிறது, இனி மறைக்க என்ன இருக்கிறது, கூப்பிட வருவார்கள் என்று காத்திருந்தாள்.

கல்லவ்வா வந்தாள். ஈரப்பா வரவில்லை.

"பல்லு நல்லாத்தான் இருக்கு" என்றாள் மாமியார். "கையக் காட்டு."

நீலவ்வா காட்டினாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே மடங்கியிருந்தன.

"விரிக்க முடியுமா?"

"முடியல அத்தை. வலிப்ப மறைச்சது தப்புதான். நீங்க..."

"அத விடுடி. நீ வந்த மாசமே மாத்திரையைப் பாத்துட்டேன். மருந்துக் கடைல கேட்டேன், சொன்னாங்க."

நீலவ்வா, "டாக்டரம்மா கேட்டப்ப சொல்லியிருக்கலாமே அத்தை" என்றாள்.

"சொல்லி? ஊரெல்லாம் தெரியவா? மாத்திரையப் போடுறா, ரொட்டி தட்டுறா, நமக்கென்னன்னு விட்டுட்டேன்." கல்லவ்வா மருமகளின் கையை மெதுவாக அவள் மடியிலேயே வைத்தாள். "வலிப்போட உன்ன வெச்சிருந்தேன் நீலா. இந்தக் கையோட எப்படி வெச்சுக்கறது, நீயே சொல்லு."