எல்லோரும் வரலாம் என்ற நாடகம்

இன்று பக்கத்துக் கல்லூரியில் இலவச நாடகம். எல்லோரும் வரலாம் என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், எங்கள் வீட்டு கேட்டைச் செய்துகொடுத்த ஆடுகோடியில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர். நான் லேட்.

வாலண்டியர் பெண் அவரிடம், "அங்கிள், கொஞ்சம் பின்னாடி போயிடுங்க" என்றாள். அவர் எழுந்தார், நான் உட்கார்ந்தேன். பின்னாலும் அவரை எழுப்பிவிட்டார்கள். கடைசியில் கதவோரம் நின்றார்.

நாடகம் முடிந்ததும் அதே பெண் கேமராவோடு அவரிடம் போனாள். "எப்படி இருந்துச்சு அங்கிள்?"

"நின்ன எடத்துலேர்ந்து ஒண்ணும் தெரியலம்மா. சத்தம் மட்டும் நல்லா இருந்துச்சு."

இப்போது ரீல் வந்துவிட்டது. அதில் அவர் "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்கிறார்.

அடுத்த காட்சியில், அவருடைய முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவது நான்தான். எப்படி இருக்கிறேன், சொல்லுங்கள்.