கடைசி நிறுத்தத்துக் கடல்

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டர் பார்த்த அக்கா, சாப்பாட்டு இடைவேளையில் ஓட்டுநர்களைப் பிடித்து ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். “அண்ணே, கடலோரமாப் போற ரூட்ல, கடைசி ஸ்டாப்புல யாருமே இறங்காத இடம் எது?”

“யாரும் இறங்காத இடத்துல உனக்கு என்னம்மா வேலை? புதையல் கிதையல் எடுக்கப் போறியா?” என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்து மழுப்பிவிடுவாள்.

காரணம் வீட்டில் இருந்தது. அவள் கணவன் ஆலையில் பாய்லர் பார்த்தவன். ஒருநாள் பாய்லர் வெடித்தது. காயம் ஆறிவிட்டது, சத்தம்தான் ஆறவில்லை. காற்றில் கதவு அறைந்தால்கூட அவனுக்கு வேர்த்துக் கொட்டும். இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் அவள் துண்டுச்சீட்டில் எழுதித்தான் சண்டை போட்டாள்.

கடற்கரையில் நடந்தால் நல்லது என்றார் டாக்டர். நகரத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போன அன்று எவரோ வைத்திருந்த பலூன் வெடிக்க, அவன் மணலில் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டான். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. அன்றிலிருந்துதான் இந்தத் தேடல். ஓரிடத்தில் சாக்கடை கலந்தது. இன்னோரிடத்தில் நாய்கள் விரட்டின.

கடைசியில் மீசைக்கார ஓட்டுநர் ஒருவர்தான் சொன்னார்: “நாப்பத்தொண்ணுல ஏறிக் கடைசியில இறங்கு. உப்புக் குடோனைத் தாண்டிப் பத்து நிமிஷம் நட. ஈ காக்கா இருக்காது.”

அப்படியேதான் இருந்தது. பாறைகளுக்கு நடுவே சின்னக் கரை. அவன் நெடுநாளைக்குப் பிறகு தோள்களைத் தளர்த்தி உட்கார்ந்தான். அவளுக்கு அதிகாலை ஷிப்ட் முடித்து வந்த களைப்பு. அவன் பக்கத்திலேயே அவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது அவன் இல்லை. தண்ணீர் ஓரத்தில் செருப்பு மட்டும் கிடந்தது.

இந்தப் பக்கம் ஓடினாள், அந்தப் பக்கம் ஓடினாள். கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை. இப்படி ஓர் இடத்தைத்தானே மாதக்கணக்காகத் தேடினோம் என்று நினைத்தாள். கூப்பிட வாயெடுத்தவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தினால் அவன் மிரண்டு எங்காவது விழுந்துவிட்டால்? கத்தாமல் இருந்தால்? அலை வந்து ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போனது.

“ஏங்க!” அடிவயிற்றிலிருந்து கத்தினாள். “ஏங்க! எங்க இருக்கீங்க?”

பாறைக்குப் பின்னாலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தான் அவன். முழங்கால் சிராய்த்திருந்தது, முகம் வெளிறியிருந்தது. “என்ன ஆச்சு? உனக்கு என்ன ஆச்சு?”

“எங்க போய்த் தொலைஞ்சீங்க?”

“அந்தப் பக்கம் நண்டு பாத்துட்டிருந்தேன். நீ தூங்குறியேன்னு எழுப்பல.”

அவன் கைகள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் காதைப் பொத்தவில்லை; அவள் தோள்களைப் பிடித்திருந்தன. அவள் அவன் நெஞ்சில் இரண்டு குத்து குத்திவிட்டு ஓவென்று அழுதாள்.

திரும்பும் பேருந்தில் அவன் ஒற்றைக் காலில் செருப்போடு உட்கார்ந்திருந்தான். “அடுத்த வாரமும் வரலாமா?” என்று கேட்டான்.

“வரலாம்” என்றாள். அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்த பிடியை மட்டும் நிலையம் வரும்வரை அவள் விடவில்லை.