என் கடையில் போட்ட கையெழுத்து

ஆறுமுகம் போய்விட்டார் என்ற செய்தியைத் தேங்காய் வண்டிக்காரர்தான் கொண்டுவந்தார். கடையில் நான்கைந்து பேர் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்படீங்களா" என்றார் ஒருவர், அடுத்த வேட்டியை விரித்தபடி. எங்கள் பெருமாட்டி ஊருக்காக, அந்நாளில் எர்ணாகுளத்தில் இருந்த சட்டசபையில் எழுந்து நின்று பேசிய மனிதருக்கு ஊர் செய்த மரியாதை அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் பக்கத்தில், மாதாமாதம் பணம் கட்டி, குலுக்கலில் பெயர் விழுந்தவர் மொத்தத்தையும் எடுக்கும் குறிச் சீட்டில் சேராத வீடு கிடையாது. குலுக்கல் ஒழுங்காக நடக்கிறதா என்று சர்க்கார் அதிகாரி நேரில் வந்து பார்க்க வேண்டும். அவரும் வருவார், என் துணிக்கடைக்கு. நாற்காலியில் உட்கார்ந்து சர்பத் குடிப்பார். குறிக் கம்பெனி முதலாளி நோட்டை நீட்டுவார். குலுக்கலைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த வழியே போய்விடுவார்.

இதை ஆறுமுகத்திடம் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏனுங்க ராவுத்தரே, குலுக்குற எடத்துக்கு அவரு போகவே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"கம்பெனியை அதிகாரி பாக்கோணும். அதிகாரியைச் சபை பாக்கோணும். அதுக்குத்தானுங்க எங்களை அனுப்பியிருக்குது."

சபையில் கேட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். சாட்சி உண்டா என்றார்கள். உண்டு என்றார். நான் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன்.

கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள் குறிக் கம்பெனி முதலாளி என் கடைக்கு வந்தார். கடைக் கட்டடம் அவருடையது. "இந்த எடம் எனக்கே வேண்டி வருமாட்ட இருக்குதுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றாகப் போனால் கண்ணில் படும் என்று நானும் ஆறுமுகமும் தனித்தனியாகப் புறப்பட்டோம். ஸ்டேஷன் வரை போனேன். ரயில் வந்து நின்றது, கிளம்பியது. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாட்சி இல்லை என்று கமிட்டி கைகழுவியது. சில மாதங்களில் கம்பெனி கதவு பூட்டிக்கிடந்தது, முதலாளியைக் காணோம். ஊரோ ஆறுமுகத்தின் மேல் பாய்ந்தது. அவர் வாய் வைத்ததால்தான் கம்பெனி கவிழ்ந்ததாம். அடுத்த தேர்தலில் தோற்றார். கல்யாணப் பத்திரிகைகள் அவர் வீட்டைத் தாண்டிப் போயின. பயப்பட எனக்கு முதலாளியே இல்லாத பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கம்தான் காரணம்.

அவர் மட்டும் சந்தைக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து துண்டு விலை கேட்பார். உட்காரச் சொன்னால், "இருக்கட்டுங்க" என்று நின்றுகொண்டே பேசுவார். ஒருநாள் தாங்க முடியாமல் ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு ஸ்டேஷன் வரைக்கும் வந்தேனுங்க..."

"தெரியுமுங்க. ரயில்ல இருந்து பாத்தேன்."

"கூப்பிட்டிருக்கலாமேங்க?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்க. அப்பறம் கடை?"

அவர் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனார்.

சுடுகாட்டுக்கு அவர் மகனோடு ஏழு பேர் போனோம். திரும்பி வந்ததிலிருந்து கடையில் தனியாக உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவரை அறிந்தவர்களே, அவர் சபையில் சொன்னது அத்தனையும் உண்மை. அதிகாரி குலுக்கலைப் பார்க்கவே இல்லை. இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டார்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, ரயில் ஜன்னலிலிருந்து அவர் கூப்பிடாமல் விட்ட என் பெயர். அதை இன்று நானே சொல்கிறேன். நான் துணிக்கடை காதர் ராவுத்தர். சாட்சி சொல்ல வந்திருக்கிறேன்.